நேபாளமா, பட்டாணியரா?

புசா ரோட்டில் நமக்கெல்லாம் ஒரே பெயர்தான்: 'மதராசி'. மதுரைக்காரரும் அதுதான், மங்களூர்க்காரரும் அதுதான். கேட்டதும் நமக்குச் சினம் பொங்குகிறதல்லவா? பொங்கட்டும். ஆனால் சென்ற குளிர்காலத்தில் அதே சாலையோரத் தேநீர்க் கடையில் நான் செய்த பிழையையும் கேளுங்கள். பக்கத்தில் நின்ற இளைஞரின் முகத்தைப் பார்த்து, "நேபாளமா?" என்றேன். "காபூல்" என்றார். "ஓ, பட்டாணியரோ!" என்றேன். "இல்லை, ஹஸாரா" என்றார், பலமுறை சொல்லிப் பழகியவர் போல.

பாரசீகத்தில் 'ஹஸார்' என்றால் ஆயிரம். கரோல்பாக் கடைகளில் நாம் பேரம் பேசும் அதே 'ஹஜார்'. மங்கோலியப் படையின் ஆயிரவர் பிரிவிலிருந்து வந்த பெயர் என்பார் பலர். அதை வைத்துக்கொண்டு, 'செங்கிஸ்கான் வழிவந்தோர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். துருக்கியரும் மலைநாட்டுப் பழைய மக்களும் கலந்த இனம் அது. பேசுவது ஹஸாரகி என்னும் பாரசீக வழக்கு, பெரும்பாலோர் ஷியாக்கள். அவர்கள் தாயகமான பாமியானில், யுவான் சுவாங் நம் காஞ்சிக்கு வருமுன்பே கண்டு வியந்த புத்தர் சிலைகளை 2001-இல் தாலிபான்கள் தகர்த்தது உலகறிந்த செய்தி. 1890-களில் அமீர் அப்துர் ரகுமான் அந்த மக்களையே தகர்த்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நிலம் பறிபோயிற்று, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக விற்கப்பட்டனர், தப்பியோர் பலர் குவெட்டாவுக்கும் ஈரானுக்கும் ஓடினர். (1965 போரில் பாகிஸ்தான் தரைப்படைத் தலைவராயிருந்த மூசா கான் குவெட்டா ஹஸாராதான், பயின்றது நம் தேராதூனில்!)

பழங்கதை கிடக்கட்டும். நுழைவுத் தேர்வுப் பயிற்சி முடிந்து புசா ரோட்டில் மாலைதோறும் கூட்டமாக வெளிவரும் பெண்களைப் பார்க்கிறோம். 2022 செப்டம்பர் 30 அன்று, காபூலில் ஹஸாராக்கள் வாழும் தஷ்தே பர்ச்சியில், காஜ் பயிற்சி நிலையத்தில் இவர்களைப் போலவே மாதிரித் தேர்வு எழுத அமர்ந்திருந்தவர்கள் நடுவே குண்டு வெடித்தது. 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். அவ்வாண்டு டிசம்பரில் நாடெங்கும் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவும் அடைக்கப்பட்டது. முகத்தைப் பார்த்து ஆளைத் தீர்மானிப்பது என்னிடம் வெறும் அசட்டுத்தனம். அங்கே அது உயிரை வாங்குகிறது.

அந்த நண்பரை நம் சங்கக் கூட்டத்தில் பேச அழைக்க வேண்டும் என்று செயலாளரிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். 'ஆப்கானிய விருந்தினர்' என்று அழைப்பிதழில் போட்டுவிடலாம் என்றார். அவரையே கேட்டுவிட்டு அச்சுக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி.