ரசீது இல்லாத சீட்

"சாட்சிக் கையெழுத்து போடணும், வியாழக்கிழமை வந்துரு மாப்ள" என்று போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்து உட்கார்ந்தார். குளித்தலைப் பக்கம் மிச்சமிருக்கும் முக்கால் ஏக்கர் வாழைக்கொல்லையை விற்கிறாராம். சின்னவனுக்கு ஏஜென்ட் மூலமாக கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் 'பிளாக்' பண்ணியாகிவிட்டதாம். பிளஸ் டூ ரிசல்ட்டே இன்னும் வரவில்லை. அட்வான்ஸ் கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுத்தாளை எடுத்து நீட்டினார். பென்சிலால் 5 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. ஐந்து லட்சமாம். கல்லூரிப் பெயர் இல்லை, தேதி இல்லை, முத்திரை இல்லை. பத்துத் தார் வாழையை மண்டியில் போட்டால்கூட பில் தருகிறார்களே, மச்சான்!

"காசைப் பார்த்தா நல்ல காலேஜ் கிடைக்குமா?" என்றார். இந்த ஒரு வாக்கியம் காவிரிக் கரையில் எத்தனை வயல்களைத் தின்றிருக்கிறது! நிறையக் கொடுத்தால் நிறையப் படிப்பு வரும் என்று எவன் சொன்னான்?

நாலு வருஷத்துக்கு முன்னால் மூத்தவனுக்கும் இதையேதான் செய்தார். கொல்லையில் பாதி அப்போதே போயிற்று. அவன் சேர்ந்த அதே கல்லூரியில், அதே வகுப்பில், எங்கள் தெருத் தையல்காரரின் மகளும் சேர்ந்தாள். கட் ஆஃப் 171. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் போனவள். வீட்டில் முதல் பட்டதாரி என்பதால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினாள். கல்விக் கட்டணத்தில் சலுகையும் கிடைத்தது. தையல்காரர் டொனேஷன் என்று ஒரு பைசா கொடுக்கவில்லை. அதே வகுப்பு, அதே வாத்தியார், அதே லேப். மச்சான் கொடுத்த லட்சங்களுக்கு அவர் மகனுக்கென்று தனியாக ஒரு பாடமாவது நடத்தினார்களா?

சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களைக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். அதில் ஏஜென்டுக்கு வேலையே கிடையாது. அதனால்தான் அவன் ரிசல்ட்டுக்கு முன்னால் வருகிறான். மதிப்பெண் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும். பயம் போய்விட்டால் ஐந்து லட்சமும் போய்விடும். 1992-லேயே உச்ச நீதிமன்றம் மோகினி ஜெயின் வழக்கில் கேப்பிடேஷன் கட்டணம், அதாவது இந்த டொனேஷன், செல்லாது என்று சொன்னது. தமிழ்நாட்டில் அதைத் தடை செய்யும் சட்டமும் அதே வருஷம் வந்தது. முப்பது வருஷம் கழித்தும் பென்சிலில்தான் எழுதுகிறார்கள் என்றால், வாங்குகிறவனுக்குச் சட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். தெரியாதது நமக்குத்தான்.

ஒரு வார்த்தை வங்கிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி சொன்னது. என் மகளுக்காக நான் போனபோது, மேலாளர் விண்ணப்பத்தைப் பிரிக்காமலே, "வீட்டுப் பத்திரம் இருக்கா சார்?" என்றார். மூன்று முறை நடந்தேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்ட ஆரம்பிக்கலாம் என்ற வசதி இருந்தும், மனிதர்கள் நிலத்தை விற்க ஓடுவதில் இந்த மேலாளர்களுக்கும் பங்கு உண்டு.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்று. மச்சானுக்கு நடுவில் ஒரு மகள் இருக்கிறாள். அண்ணன் தம்பி இருவரையும்விட நன்றாகப் படித்தவள். அவளைப் பக்கத்து ஊர் மகளிர் கல்லூரியில், அவள் கேட்காத பாடத்தில் சேர்த்தார்கள். கேட்டால், "அவளுக்கு நகை சேர்க்கணும்ல" என்றாள் அக்கா. மகனுக்கு விற்க நிலம் இருக்கிறது; மகளுக்கென்றால் சிக்கனம் வந்துவிடுகிறது. படிப்புக்காக எதையும் விற்போம் என்று பெருமை பேசும் குடும்பம்தான் இது! தையல்காரர் பெண்ணைத்தான் படிக்க வைத்தார். அதே கல்லூரி, அதே வகுப்பு. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மச்சான் காதில் ஏறும்வரை சொல்வேன்.

கையெழுத்துப் போட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காபியைத் தொடாமல் எழுந்து போனார். அக்கா போனில் அழுதாள். பதிவு அலுவலகத்தில் டோக்கன் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. புதன்கிழமை சாயங்காலம் தையல்காரரையும் அவர் மகளையும் கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போகிறேன். நாலு வருஷமும் கட்டிய கட்டணத்துக்கு ஒவ்வொரு ரசீதையும் அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறது.