உதை மட்டும் போதாது

வெள்ளைச் சீருடை, இடுப்பில் வண்ணப் பட்டை என்று மாலையில் தேக்வாண்டோ பயிற்சிக்குக் கிளம்பும் மாணவர்களை ஜார்ஜ்டவுனில் பார்ப்பது புதிதல்ல. "எதற்காகக் கற்கிறாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும்: தற்காப்பு, பதக்கம், புறப்பாட மதிப்பெண். மூன்றும் நியாயமான பதில்களே. ஆனால் இந்தக் கலையின் மிகப் பெரிய பயன் இந்த மூன்றிலும் இல்லை என்பது என் கருத்து. மாணவர்கள் சலிப்போடு செய்து முடிக்கும் பகுதியில்தான் அது இருக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. தேக்வாண்டோ ஈராயிரம் ஆண்டுப் பழமையானது என்று சில விளம்பரங்கள் சொல்லும். இன்றைய தேக்வாண்டோ அவ்வளவு பழையதன்று. 'தேக்வாண்டோ' என்ற பெயர் முன்வைக்கப்பட்டது 1955இல். அதை முன்வைத்த தளபதி சோய் ஹோங் ஹி ஜப்பானில் படித்தபோது கராத்தே பயின்றவர். கொரியாவின் பழைய கலை தேக்கியோன். 2011இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. பழைய கொரிய உதை முறைகளும் கராத்தேயின் கட்டமைப்பும் கலந்து உருவானதே நாம் இன்று காணும் தேக்வாண்டோ.

இந்தக் கலைக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சோய் ஹோங் ஹி 1962இல் தென்கொரியத் தூதராகக் கோலாலம்பூருக்கு வந்தார். அவர் இங்கே இருந்த ஆண்டுகளில்தான் தேக்வாண்டோ இந்த மண்ணில் வேரூன்றியது. 1966இல் அனைத்துலக தேக்வாண்டோ சம்மேளனம் தொடங்கப்பட்டபோது, அதை நிறுவிய ஒன்பது நாடுகளில் மலேசியாவும் ஒன்று. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தேக்வாண்டோ காட்சி விளையாட்டாக நடந்தபோது, நம் நாட்டின் மா. வாசுகி வெண்கலம் வென்றார்.

இப்போது அறிவியலுக்கு வருவோம். தேக்வாண்டோ என்றதும் நம் நினைவுக்கு வருவது உதைதான். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று இயற்பியல் பாடத்தில் படிப்பீர்கள். உதையின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த வேகம் காலின் பலத்தால் மட்டும் வருவதில்லை. முதலில் இடுப்பு திரும்ப வேண்டும். அடுத்துத் தொடை, கடைசியில் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி. சாட்டையின் நுனி விரைவது போல, ஒவ்வொரு பகுதியும் தன் வேகத்தை அடுத்த பகுதிக்குக் கொடுக்கிறது. முழங்காலை மடக்கித் தூக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நிறை சுழலும் அச்சுக்கு அருகில் இருந்தால் சுழற்றுவது எளிது. நீட்டிய காலைவிட மடக்கிய கால் விரைவாகச் சுழலும்.

இந்த வரிசையை உடலுக்குக் கற்றுக்கொடுப்பது எது? 'பூம்சே' அல்லது 'பேட்டர்ன்' எனப்படும் அசைவுத் தொடர்தான். மாணவர்கள் சலித்துக்கொள்வதும் இதைத்தான். எதிராளி இல்லை, புள்ளி இல்லை, கைதட்டலும் இல்லை. ஒரே அசைவை நூறு முறை செய்ய வேண்டும். ஆனால் மெதுவாக, சரியாக, திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் சிறுமூளை அந்த அசைவைச் செம்மைப்படுத்துகிறது. முதல் நாள் யோசித்து யோசித்துச் செய்தது, சில மாதங்களில் யோசிக்காமலே வரும்.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சுவருக்கு அருகில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். பிறகு கண்களை மூடுங்கள். உடனே உடல் தள்ளாடும். நிமிர்ந்து நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து செய்தி பெறுகிறது: கண், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்விகள். கண்ணை மூடினால் மற்ற இரண்டும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஒற்றைக் காலில் நின்று, திரும்பி, இறங்கும் பூம்சே அந்த இரண்டையும் பழக்குகிறது. கால் இடறும்போது விழாமல் காப்பாற்றுவது இந்தப் பழக்கம்தான். சண்டையைவிட இடறல்தான் வாழ்க்கையில் அடிக்கடி வரும்.

எலும்பு வலுப்பெறுகிறது, தசை சர்க்கரையை எரிக்கிறது, இதயம் உறுதியாகிறது என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையே மிக அதிகம் என்று தேசிய ஆய்வுகள் காட்டிவருகின்றன. ஆகவே இது நமக்கு இன்னும் முக்கியம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், இந்தப் பயன்களில் பெரும்பகுதி பூப்பந்தாட்டத்திலும் ஓட்டத்திலும் கிடைக்கும். அப்படியானால் தற்காப்புக் கலைக்கே உரிய பயன் எது?

1986இல் அமெரிக்காவின் மைக்கேல் டிரல்சன் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. குற்றச் செயல்களில் நாட்டம் கொண்ட 13 முதல் 17 வயது இளைஞர்களை அவர் மூன்று குழுக்களாகப் பிரித்தார். முதல் குழு வணக்கம், தியானம், அசைவுத் தொடர், நன்னெறி அனைத்தும் சேர்ந்த மரபுவழித் தேக்வாண்டோவைக் கற்றது. இரண்டாம் குழு சண்டை நுட்பங்களை மட்டும் கற்றது. மூன்றாம் குழு மெல்லோட்டம் போன்ற உடற்பயிற்சிகளைச் செய்தது. ஆறு மாதங்களுக்குப் பின் முதல் குழுவில் மூர்க்கமும் பதற்றமும் குறைந்தன. இரண்டாம் குழுவில் மூர்க்கம் கூடியிருந்தது! ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே. ஆகவே இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் இந்த வேறுபாடு சிந்திக்க வைக்கிறது. இரு குழுக்களும் சண்டைக் கலையைத்தான் கற்றன. கற்ற முறைதான் வேறு.

"எஸ்.பி.எம். நெருங்குகிறது, இனி பயிற்சி எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களின் கவலை புரிகிறது. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடுதான் புறப்பாடத்துக்கு. ஆனால் கணக்கை அங்கேயே முடித்துவிடக் கூடாது. 2004இல் லேக்ஸ், ஹோய்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு மூன்று மாதம் தேக்வாண்டோ அடிப்படையிலான பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான உடற்கல்வி வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளைவிட இவர்கள் கவனத்தையும் உணர்ச்சியையும் அடக்கியாள்வதில் முன்னேறினார்கள். மனக்கணக்குச் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். படிவம் ஐந்தில் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது இந்த அடக்கம்தானே? ஐந்து நாள் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

"நமக்குச் சிலம்பம் இருக்கும்போது கொரியக் கலை ஏன்?" என்றும் சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. சிலம்பத்திலும் கம்பு வீச்சோடு காலடியையும் பழக்குகிறார்கள். காலடி இல்லாத சிலம்பமும் பூம்சே இல்லாத தேக்வாண்டோவும் ஒரே குறையுடையவைதாம். எந்தக் கலை என்பதைவிட எப்படிக் கற்கிறோம் என்பதே பெரிது.

ஆகவே, வகுப்பில் சேருமுன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் பூம்சேக்கு நேரம் ஒதுக்குகிறாரா? மூத்த மாணவர் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தலைவணங்குகிறாரா? தலையில் அடிபட்டவரை உடனே உட்கார வைக்கிறார்களா? போட்டியில் உடல் உதையைவிடத் தலை உதைக்குப் புள்ளி அதிகம் என்பதால் இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். சில மாதங்களுக்கு ஒரு பட்டை நிச்சயம் என்று உறுதி தரும் இடத்தில் கட்டண ரசீது சேரும், கலை சேராது.

தெருவில் யாராவது வம்புக்கு வந்தால், உங்கள் மிகச் சிறந்த தற்காப்பு அங்கிருந்து விலகிப் போவதுதான். விலகிப் போவதற்கும் பயிற்சி வேண்டும். கோபம் தலைக்கேறும் நேரத்தில் கையையும் வாயையும் கட்டுப்படுத்துவதும் உடல் பழகிக்கொள்ள வேண்டிய ஓர் அசைவுதான். இன்று மாலை பூம்சே சலிப்பாக இருந்தால், இன்னும் ஒரு முறை செய்யுங்கள்.