கன்னுக்குட்டிக்கு இருக்கு, சித்தப்பாவுக்கு இல்லை

கீரனூர்ல எங்க சித்தப்பா நாலு மாடு வச்சிருக்கார். மூணு மாசமா அவருக்கு விட்டு விட்டு காய்ச்சல், ராத்திரி வேர்வை, மூட்டு வலி. டைபாய்டு, மலேரியான்னு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. மாடு வச்சிருக்கீங்களான்னு மட்டும் யாரும் கேக்கலை. கடைசியா ஒரு டாக்டர் கேட்டார். ரத்தப் பரிசோதனையில புருசெல்லா! மாட்டுல 'கன்னு வீச்சு'ன்னு சொல்றோமே, அதே கிருமி. கன்னு வீசின மாட்டோட நஞ்சுக்கொடியை வெறுங்கையால எடுத்துப் போட்டிருக்கார் மனுஷன்.

ஆறு வாரம் டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின். இப்ப தேவலை. ஆனா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, கன்னுக்குட்டிக்கு கவர்மென்டே ஊசி போடுதே, எனக்கு ஏன் இல்ல?"

நியாயமான கேள்வி. 2019-ல ஆரம்பிச்ச தேசியத் திட்டத்துல 4 முதல் 8 மாசக் கிடேரிக் கன்னுகளுக்கு இலவசமா போடறாங்க. ஆயுசுக்கு ஒரே தடவை.

உடனே 'மருந்துக் கம்பெனி சதி'ன்னு கிளம்பிடாதீங்க மக்கா. அந்த ஊசியில இருக்கறது எஸ்19. 1923-ல ஒரு ஜெர்சி மாட்டுப் பால்ல கிடைச்சு, பிறகு வீரியம் குறைஞ்சுபோன, உயிருள்ள கிருமி. குறைஞ்சது மாட்டுக்குத்தான், நமக்கில்லை. ஊசி தவறிக் கையில குத்தி நோய் வாங்கின கால்நடை டாக்டர்கள் உண்டு. சினை மாட்டுக்குப் போட்டா கலையலாம், காளைக் கன்னுக்கு விரை வீங்கலாம். மாட்டுல மந்தை பிழைச்சா லாபம். ஒண்ணு ரெண்டு போனா நஷ்டக் கணக்குல எழுதிடலாம். மனுஷனை அப்படி எழுத முடியாது.

சோவியத்தும் சீனாவும் மனுஷங்களுக்கே உயிர்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தாங்க. ஏற்கனவே கிருமி பட்டவங்களுக்கு ஒவ்வாமை வந்துச்சு, பாதுகாப்பும் ரொம்ப நாள் நிக்கலை.

இது அறிவியல். மிச்சக் கதை காசு. இந்த நோய் வர்றது பால் கறக்கறவங்க, கசாப்புக் கடைக்காரங்க, கால்நடை ஊழியர்களுக்கு. இவங்களுக்காகக் கோடிகளைக் கொட்டி ஆராய்ச்சி பண்ணா போட்ட முதல் திரும்பாது. இதைச் சதின்னு சொல்லமாட்டேன், அலட்சியம்னு சொல்வேன்.

என் கட்சி இதுதான்: கன்னுக்குப் போடற ஊசிதான் இப்போதைக்கு சித்தப்பாவுக்கான ஊசி. மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்கு இது பரவறது ரொம்ப அபூர்வம். மாட்டுக்கு வராட்டி மாட்டுக்காரருக்கும் வராது. 'அடுத்த தடவை பாத்துக்கலாம்'னு கன்னை ஒளிச்சு வைக்காதீங்க. காய்ச்சல்னு போனா, டாக்டர் கேக்காட்டியும் மாடு இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். பச்சைப் பால்தான் சத்துன்னு சொல்ற நண்பர்களே, தயவுசெஞ்சு காய்ச்சிக் குடிங்க :-)