தவறுக்குப் பெயர் வையுங்கள், ஆளுக்கு வேண்டாம்

'இணைப்பில் காண்க' என்று எழுதிவிட்டுக் கோப்பை இணைக்காமலே அனுப்பிவிடும் மின்னஞ்சலுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வெறுங்கை மடல்'. வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மளிகைப் பட்டியலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது 'குழுமாறாட்டம்'. மைக்கை அணைத்துவைத்தபடி ஆன்லைன் கூட்டத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது 'ஊமைப் பிரசங்கம்'. அறிக்கையைக் காட்டுவதற்காகத் திரையைப் பகிரும்போது அந்தரங்க அரட்டையும் சேர்ந்து தெரிந்துவிட்டால் 'திரைவிலகல்'.

இந்தச் சொற்களைக் கேட்டதும் சிரிப்பு வரும். வரட்டும், அந்தச் சிரிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது. "சார், வெறுங்கை மடல் போயிருச்சு, இதோ கோப்பு" என்று சொல்ல யாருக்கும் நாக்கு கூசாது. பெயர் இல்லாத இடத்தில் "யார் அனுப்பினது?" என்ற விசாரணைதான் முதலில் கிளம்பும். விசாரணைக்குப் பயந்தவர் அடுத்த முறை தவறை மூடி மறைப்பார். மறைத்த தவறு இன்னொரு நாள் பெரிதாகி வரும்.

உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பிரிட்டன் விமானப்படையில் காரணம் பிடிபடாத கோளாறுகளை 'கிரெம்லின்' என்ற குட்டிச்சாத்தானின் சேட்டை என்பார்கள். நடுவானில் இன்ஜின் திணறினாலும், கருவியின் முள் நின்றுபோனாலும் கிரெம்லின் வந்துவிட்டது என்று பொருள். இரண்டாம் உலகப்போரில் இந்தச் சொல் எங்கும் பரவியது. விமானியாக இருந்த எழுத்தாளர் ரோல்டு டால் 1943-இல் அந்தக் குட்டிச்சாத்தான்களை வைத்துச் சிறுவர் நூலே வெளியிட்டார். பறப்பவரும் பழுது பார்ப்பவரும் ஒருவர் தலையை ஒருவர் உருட்டாமல் சேர்ந்து கோளாறைத் தேட, பழியைத் தாங்க ஒரு குட்டிச்சாத்தான் இருந்தது நல்லதுதான். நம் பத்திரிகை உலகிலும் 'அச்சுப் பேய்' அந்த வேலையைத்தான் செய்தது.

கணினித் துறையின் கதை இன்னும் அழகானது. இயந்திரக் கோளாறைப் 'பூச்சி' (bug) என்று சொல்வது பொறியாளர்களின் பழைய வழக்கம். எடிசன் 1878-இல் எழுதிய கடிதத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டில் 'மார்க் 2' கணினி தகராறு செய்தது. தேடிப் பார்த்தால், 'எஃப்' பேனலில் 70-ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே பூச்சி அகப்பட்ட முதல் சம்பவம் இது என்று குறித்துவைத்தார்கள். கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் பணியாற்றிய குழு அது. அந்தப் பக்கம் இன்று ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரம், இடம், காரணம் மூன்றும் அந்தக் குறிப்பில் உண்டு. யார்மீதும் பழி இல்லை. நல்ல பிழைப் பதிவு இப்படித்தான் இருக்க வேண்டும்.

பெயர் தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. டோக்கியோ பங்குச்சந்தையில் 2005 டிசம்பர் 8 அன்று, ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய தரகு நிறுவனம் 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்பதாகப் பதிந்துவிட்டது. அந்தக் கம்பெனி வெளியிட்டிருந்தவையே மொத்தம் 14,500 பங்குகள்தான்! இப்படிப்பட்ட தவறைச் சந்தைக்காரர்கள் 'தடிவிரல்' என்பார்கள். ஆனால் விரலோடு கதை முடியவில்லை. தவறு தெரிந்ததும் ஆர்டரை ரத்து செய்ய முயன்றார்கள். சந்தையின் கணினி அதை ஏற்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கணினியின் ஓட்டை கண்ணில் பட்டிருக்காது.

நம் அலுவலகங்களில் இது இன்னும் மோசம். தவறுக்கு வைக்க வேண்டிய பெயரை நாம் ஆளுக்கு வைத்துவிடுகிறோம். சம்பளப் பட்டியலில் ஒரு சைபரைக் கூட்டிப் போட்டுவிட்ட எழுத்தர் ஒருவரை, எனக்குத் தெரிந்த அலுவலகத்தில், 'சைபர்' என்றே கூப்பிட்டார்கள். டீக்கடை வரைக்கும் அந்தப் பெயர் போனது. அதன்பின் எந்தப் பிழை கண்ணில் பட்டாலும் அவர் மேலே சொன்னதில்லை. மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டப்பெயர் வைத்தவர்கள்தான் அந்த இழுப்பறையைப் பூட்டினார்கள்.

அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளும் விமானப் பணியாளர்களும் தங்கள் தவறுகளை நாசா நடத்தும் அமைப்பிடம் ரகசியமாகத் தெரிவிக்கலாம். எழுதியவர் யார் என்பதை வெளியிட மாட்டார்கள். நடந்தது என்ன என்பதை எல்லோரும் படித்துப் பாடம் கற்றுக்கொள்வார்கள். நம்மூர்ப் பட்டறைக்கும் வங்கிக் கிளைக்கும் மருத்துவமனைக்கும் அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வராது. பெயர் வைக்கிற வேலையை மட்டும் இன்றைக்கே தொடங்கலாம்.

அதற்கு இரண்டே விதிகள் போதும். பெயரைக் கேட்டால், தவறு செய்தவரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். அந்தப் பெயருக்குள் எந்த மனிதரும் இருக்கக் கூடாது. உங்கள் அலுவலகத்தில் அடுத்த முறை ஏதாவது சொதப்பினால், ஆளைத் தேடுவதற்கு முன் அந்தச் சொதப்பலுக்கு நல்ல தமிழில் ஒரு பெயர் வையுங்கள்.