பெரிய டர்போ வாங்கும் முன்



இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேல் டர்போ பற்றியவை. பழைய டீசல் கார் வைத்திருக்கும் இளைஞர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். வண்டி ஸ்விஃப்டோ விஸ்டாவோ, கேள்வி ஒன்றுதான்: பெரிய டர்போ போட்டால் எவ்வளவு பிக்கப் கூடும்? ஆசையில் தவறில்லை. அந்த இரண்டிலும் இருந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் சாதாரண டர்போவுடன் 75 குதிரைத்திறனும், இறக்கைகள் அசைந்து கொடுக்கும் விஜிடி டர்போவுடன் 90-ம் தந்ததை நம் சாலைகளிலேயே பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த 15 குதிரைத்திறனுக்காக எரிபொருள் அளவும் கணினி நிரலும் சேர்ந்தே திருத்தப்பட்டன. டர்போவை மட்டும் மாற்றி யாரும் அதைப் பெறவில்லை.

எவ்வளவு பிக்கப் கூடும் என்று கேட்கும் நண்பர்கள், கூடும் வெப்பம் எங்கே போகும் என்றும் கேட்க வேண்டும். டர்போ தானாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. காற்றை அழுத்தினால் அது சுடும்; சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கொதிப்பதைப் போல. சுட்ட காற்றின் அடர்த்தி குறைவு. அதனால்தான் இடையில் இன்டர்கூலர் வைக்கிறார்கள். காற்று கூடினால் எரிபொருளும் கூட வேண்டும். இரண்டும் கூடினால் பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், கனெக்டிங் ராடு எல்லாவற்றின் மீதும் சுமை ஏறும்.

தொழிற்சாலைகளே இதில் தடுமாறியிருக்கின்றன. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஹி 1905-லேயே டர்போ யோசனைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும் அது விற்பனைக்கு வந்த காருக்குள் நுழைய 1962 வரை ஆனது. அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், 3.5 லிட்டர் இன்ஜினில் 215 குதிரைத்திறன் தந்தது. பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் 'நாக்கிங்' கோளாறைத் தடுக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை அந்த இன்ஜினுக்குள் தெளிக்க வேண்டியிருந்தது. அந்தத் தொட்டியை நிரப்பி வைக்கப் பல உரிமையாளர்கள் மறந்தார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்ட் குறையும், வண்டி சோம்பும். கடைசியில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர நிறுவனம் முன்வந்தது. டர்போவில் ஒரு குறையும் இல்லை. அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு அன்றாட ஓட்டத்துக்குத் தாங்கவில்லை.

நம் ஊரில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் ஆயிலில்தான் தோற்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்கிறது. சிறிய டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். அந்தத் தண்டு மிதப்பது தலைமுடியை விட மெல்லிய ஆயில் படலத்தின் மேல். ஆயில் சில நொடிகள் வராமல் போனாலே பேரிங் தேய்ந்துவிடும். "டர்போ போயிடுச்சு" என்று ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பல வண்டிகளில் உண்மையான குற்றவாளி, கரி அடைத்துப்போன ஆயில் குழாய். அதை மாற்றாமல் புது டர்போவை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள். ஆயில் வரும் குழாயும் அதன் போல்ட்டும் புதிதா? ஆயில் திரும்பும் குழாய் மடங்காமல் சரிவாக இறங்குகிறதா? பழைய டர்போ உடைந்திருந்தால் அதன் துகள்கள் இன்டர்கூலருக்குள் கிடக்குமே, கழுவினீர்களா? ஆயில் குழாய் இணைப்பில் சிலிக்கான் பசை தடவ விடாதீர்கள். பிதுங்கி உதிரும் ஒரு துணுக்கே வழியை அடைத்துவிடும். முதன்முறை ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவுக்குள் ஆயில் ஊற்றி, இன்ஜின் பற்றாதபடி சில நொடிகள் செல்ஃப் அடித்து, ஆயில் ஏறிய பிறகே ஓட விட வேண்டும். இதற்கெல்லாம் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்கிற மெக்கானிக்குக் கொடுங்கள். பேரம் பேச வேண்டாம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். டர்போவின் சீல் கெட்டு, ஆயில் காற்றுவழியாக உள்ளே போனால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துத் தானாக ஓடத் தொடங்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. வெண்புகை கிளம்ப, இன்ஜின் அலறும். கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழுதாக மிதித்தபடி மேல் கியருக்குப் போய்க் கிளட்சை விட்டால் இன்ஜின் திணறி நிற்கும். அது நடக்காவிட்டால் இறங்கி எல்லோரும் தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து பார்க்கப் போகாதீர்கள். இன்டர்கூலர் குழாய்களில் திடீரென ஆயில் கசிவு கூடினால், அதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டர்போவுக்கு முன் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். தேய்ந்த இன்ஜினுக்குப் புது டர்போ வீண். சென்சாரை ஏமாற்றும் மலிவு ட்யூனிங் பாக்ஸை நம்பாமல், டைனோவில் வண்டியை ஏற்றிப் புகை வெப்பத்தையும் பூஸ்ட்டையும் அளந்து ரீமேப் செய்பவரிடம் போங்கள். கரும்புகை கக்கும் டீசலைப் பார்த்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை. எரியாத டீசலும் ஏறும் வெப்பமும்தான் அது. கிளட்ச், பிரேக், டயர் மூன்றும் டர்போவுக்கு முன்பே தயாராக வேண்டும். ரொம்பப் பெரிய டர்போ தாமதமாகத்தான் விழிக்கும். இருவழிச் சாலையில் லாரியை முந்தும் நடுவில் அது விழித்தால் நிலைமை கைமீறும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் விலகும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்தால், விபத்துக்குப் பின் இழப்பீடு சிக்கலாகிவிடும். முழு வேகத்தை அனுபவிக்க இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை அருகே செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை அதற்கான இடமே அல்ல.

டர்போ மாற்றும் எண்ணமிருந்தால் வண்டியின் மாடல், ஓடிய கிலோமீட்டர், கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, கம்ப்ரஷன் அளவு நான்கையும் குறிப்பிட்டு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து எங்கள் தொழில்நுட்பக் குழு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே பதில் சொல்லும். அந்தப் பதில் வரும் வரை பழைய டர்போவைக் கழற்ற வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்