நாவின் படமா? செவியின் படமா?

ஆங்கில உயிரொலிகளைப் பயிற்றும் நூல்களுள் நாற்பக்கல் வடிவிலமைந்த படமொன்று தவறாது இடம்பெறும். அதன் மேல்விளிம்பு நா உயர்ந்த நிலையையும், கீழ்விளிம்பு தாழ்ந்த நிலையையும், இடப்பக்கம் முன்னாவையும், வலப்பக்கம் பின்னாவையும் குறிக்குமென்பர். மாணவரும் அதனை வாயின் உடற்கூற்றுப் படமென நம்பி மனனஞ் செய்கின்றனர். இந்நம்பிக்கை களையப்பட வேண்டியதாகும்.

நாவின் நிலைகொண்டு உயிர்களை வகுக்கும் முறையை மெல்வில் பெல் 1867இல் விரிவாக முன்வைத்தார். பின்வந்த டானியல் ஜோன்ஸ் எட்டு அளவுகோலுயிர்களை நிறுவினார். ஆயின், அவற்றுள் இரண்டையே அவர் நாநிலை கொண்டு வரையறுத்தார். நா முன்னே இயன்றவரை உயர்ந்தொலிக்கும் ஈகாரம் ஒன்று. பின்னே இயன்றவரை தாழ்ந்தொலிக்கும் ஆகாரம் மற்றொன்று. ஏனையவை செவிக்குச் சம இடைவெளி தோன்றுமாறு அமைக்கப்பட்டவை. செவியால் அளந்ததை நாவால் அளந்ததாகக் கற்பித்தல் எங்ஙனம் பொருந்தும்?

எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்த ஒஸ்கார் ரஸல், நாவின் மெய்ந்நிலை மரபுவழி வகைப்பாட்டுடன் பொருந்தாமையை 1928இலேயே எடுத்துக்காட்டினார். 1952இல் பீற்றர்சனும் பார்ணியும் 76 பேரின் ஆங்கில உயிரொலிகளை அளந்தனர். அவற்றின் முதலிரு பரிவு மீடிறன்களை வரைபிற் குறிக்கும்போது பழைய நாற்பக்கலை ஒத்த வடிவமே தோன்றுகின்றது. அம்மீடிறன்களை நா மட்டுமன்றி, இதழ்க்குவிவும் தாடையின் திறப்பும் தொண்டையறையின் அகலமும் சேர்ந்தே நிருணயிக்கின்றன. தொல்காப்பியர் உயிர்களின் பிறப்பைக் கூறுமிடத்து வாய்திறத்தல், நாவிளிம்பு, இதழ்க்குவிவு என மூன்றையும் தனித்தனியே கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

கற்பித்தல் வசதிக்கான எளிமையாக்கமே இஃதெனச் சிலர் வாதிப்பர். ஆனால், அவ்வசதியின் விலையைக் கொடுப்பவன் மாணவன். அவனது உயிரொலி படத்திலிருந்து விலகின், நா பிழையான இடத்தில் உள்ளதெனத் தீர்ப்பளிக்கப்படுகின்றது. விளக்கப்படம் நீதிபதியாகிவிடுகின்றது. அந்நீதிபதியின் புள்ளிகளோ நிலையானவையல்ல. இரண்டாம் எலிசபெத் அரசியாரின் நத்தார் உரைகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, 1950களுக்கும் 1980களுக்குமிடையில் அவர்தம் உயிரொலிகளே இடம்பெயர்ந்தமையை நிறுவியது. அரசியின் உயிர் அசைவது வளர்ச்சி, மாணவனின் உயிர் அசைவது வழுவா?

படத்தை எரிக்க வேண்டியதில்லை. அதன் பெயரை மாற்றினாற் போதும். அது செவியின் படம். செவியைப் பயிற்றிய பின்னரே நாவைத் திருத்த முனைதல் முறையாகும்.