சீத்தாப்பழத்துக்கு மூளை உண்டா? பரிணாமக் கேள்வியில் பலியாகும் தமிழ் வழி மாணவர்கள்

கரிவலம்வந்தநல்லூர்:

தறி ஓட்டும் வீடு, தீப்பெட்டி ஆலைக்குப் போகும் வீடு, காட்டு வேலைக்குப் போகும் வீடு... கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்தில் இந்த வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கும் டாக்டர் கனவு உண்டு. அந்தக் கனவு சில நேரம் ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது. உயிரியல் பாடத்தில் வரும் பரிணாமக் கேள்வி அப்படிப்பட்ட ஒன்று.

2018-ம் ஆண்டு மே 6-ந்தேதி நடந்த நீட் தேர்வில் ஒரு கேள்வி. 'விரி பரிணாமத்துக்கு உதாரணம் அல்லாதது எது?' என்பது அதன் பொருள். கொடுத்த நாலு விடைகள்: மனிதன், வௌவால், சிறுத்தையின் முன்னங்கால், இவற்றின் இதயம், இவற்றின் மூளை, கடைசியாக ஆக்டோபஸ், வௌவால், மனிதனின் கண்.

சீத்தா வந்தது எப்படி?

ஆங்கிலத்தில் 'சீட்டா' என்று இருந்ததை, சிறுத்தை என்று எழுதாமல் 'சீத்தா' என்று தமிழில் அச்சடித்து விட்டார்கள். நம்ம ஊரில் சீத்தா என்றால் பழம்தான். சீத்தாவுக்கு ஏது இதயம், ஏது மூளை? நாலில் மூன்று விடையில் இந்த வார்த்தை. பரீட்சை ஹாலில் மணி ஓடிக்கொண்டிருக்க, பிள்ளைகள் என்ன செய்யும்?

சரியான விடை நாலாவதுதான். காரணம் ரொம்ப எளிது. மனிதன், வௌவால், சிறுத்தை மூன்றும் பால் கொடுக்கும் இனம். ஒரே மூதாதையிடம் இருந்து வந்து, வேறு வேறு வேலைக்காக மாறியவை. நம் கையில் உள்ள எலும்பு வரிசைதான் வௌவால் இறக்கையிலும் இருக்கிறது. இதுதான் விரி பரிணாமம்.

ஆக்டோபஸ் முதுகெலும்பே இல்லாத கடல் பிராணி. அதன் கண்ணும் நம் கண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தனித்தனியாக உருவானவை. இது குவி பரிணாமம்.

சந்தையிலேயே பாடம் இருக்கு!

உருளைக்கிழங்கு தண்டு, சீனிக்கிழங்கு வேர். ரெண்டும் மாவைச் சேர்த்து வைக்கும் ஒரே வேலையைச் செய்கின்றன. பிறப்பு வேறு, வேலை ஒன்று - குவி. காகிதப்பூச் செடியின் முள்ளும், பூசணிக் கொடியின் சுருளும் ஒரே வகை உறுப்பில் இருந்து வந்தவை. பிறப்பு ஒன்று, வேலை வேறு - விரி. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டாலும் விடை சிக்கிவிடும்.

கோர்ட்டுக்குப் போன 49 கேள்விகள்

அந்த ஆண்டு தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று அப்போதைய மார்க்சிஸ்ட் எம்.பி. டி.கே.ரங்கராஜன் ஐகோர்ட்டு மதுரை கிளையில் வழக்குப் போட்டார். கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் கொடுக்கும்படி 2018 ஜூலை 10-ந்தேதி உத்தரவு வந்தது. தமிழில் எழுதிய 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அது நிலைக்கவில்லை. அதே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. நவம்பரில் உத்தரவே ரத்தானது. பிழை செய்தது வினாத்தாள், மார்க்கை இழந்தது பிள்ளைகள்!

கேள்வியில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதி என்பது நீட் விதி. ஆங்கிலம் தெரியாததால்தானே தமிழில் எழுதுகிறார்கள்? அவர்களிடம் போய் ஆங்கிலத்தைப் பார் என்றால் என்ன நியாயம்?

சரியாக எழுதினால் 4 மார்க், தப்பானால் 1 மார்க் கழிவு. ஆக ஒரே கேள்வியில் 5 மார்க் வித்தியாசம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தாலும், அதற்குள்ளேயும் மார்க் வரிசைப்படிதான் சீட்டு என்பது குறிப்பிடத்தக்கது.

வடக்கே வெட்டினார்கள்

இன்னொரு விஷயமும் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. 10-ம் வகுப்புப் புத்தகத்தில் இருந்து பரிணாமப் பகுதியே நீக்கப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், ஆசிரியர்கள் 2023 ஏப்ரலில் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். 12-ம் வகுப்பு உயிரியலில் மட்டும் பாடம் தொடர்கிறது. நம்ம சமச்சீர் புத்தகத்திலோ, 2019-ல் வந்த 10-ம் வகுப்பு அறிவியலிலேயே இது தனிப் பாடம். அந்த வகையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடித்தளம் கிடைத்து விடுகிறது. இடிப்பது வார்த்தைதான்.

அதனால் பிள்ளைகள் விரி என்றால் 'டைவர்ஜென்ட்', குவி என்றால் 'கன்வர்ஜென்ட்' என்று ரெண்டு பெயரையும் சேர்த்தே படித்து வைப்பது நல்லது. பள்ளிகளும் பழைய நீட் கேள்விகளை ரெண்டு மொழியிலும் எழுதிப் போட்டுப் பழக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அதே நேரம், தமிழில் கேள்வி கேட்கிறவர்கள் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் உள்ள வார்த்தையைப் பார்த்து எழுதினால் என்ன குறைந்து விடும்? சிறுத்தையைச் சீத்தா ஆக்குகிறவர்களுக்கு ஒரு மார்க் கூடக் கழிவதில்லையே!